கவியரசர் தாகூர் சித்திரத்திற்கு மீண்ட வரலாறு

கவியரசர் இரவீந்திரநாத தாகூரைப் பற்றி நம் நாட்டுக் கல்லூரி மலர்களில் வெளிவந்த கட்டுரைகள் பல. அவற்றுட் பெரும்பாலானவை கீதாஞ்சலியையும், 1913ஆம் ஆண்டில் அவருக்குக் கிடைத்த நோபெல் பரிசையும், சாந்திநிகேதனத்தையும் கூறி அமைந்துவிடுவன. நாமும் மாணவராயிருந்த காலத்தில் அத்தகைய கட்டுரையொன்றை எழுதி, ஆசிரியரின் சிவப்பு மையாற் பல திருத்தங்கள் பெற்றதுண்டு. இவ்விழா மலருக்குப் பெரியார் ஒருவரின் சரித்திரத்தை எழுதித் தருமாறு மலர்க்குழுவினர் கேட்டபொழுது நாம் மீண்டும் தாகூரையே எடுத்துக்கொண்டோம். ஆயினும் ஈண்டு நாம் கூறப் புகுவது கவிஞரைப் பற்றியன்று. இளமையிற் சித்திரம் வரைய ஆசைப்பட்டு, அது கைகூடாமையால் அதனை விட்டு, இருமுறை மீண்டும் முயன்று தோற்று, அறுபது வயதைக் கடந்த பின்னர் அதனை அடைந்த ஒரு மனிதரைப் பற்றியதாகும்.

இதனை எழுதத் துணிந்தமைக்கு ஒரு காரணம் உண்டு. கல்லூரியை விட்டு நீங்கிப் பல ஆண்டுகள் உத்தியோகத்திற் கழித்து, இப்பொழுது இறக்காமத்தில் அமைதியாக வசித்து வரும் நாம், மாலை வேளைகளிற் குளக்கட்டில் அமர்ந்து ஒரு கொப்பியிற் சித்திரம் வரைந்து பழகி வருகின்றோம். எட்டாம் வகுப்போடு நாம் கைவிட்ட பாடம் அது. விஞ்ஞானம் கற்க விரும்பினோர் சித்திரத்தை விடவேண்டியிருந்தது, விட்டோம், வருந்தவும் இல்லை. நாற்பதாண்டுகளுக்கு மேல் சென்ற பின்னர், ஓய்வு வந்த முதல் மாதத்திலேயே, காரணம் தெரியாமல் ஒரு பென்சிலும் கொப்பியும் வாங்கினோம். இவ்வயதில் இஃது எதற்கு என்று வீட்டார் கேட்டனர். விடை தெரியாத காரணத்தால் நூல்களைப் புரட்டினோம். அங்கே தாகூர் அகப்பட்டார்.

தாகூர் 1861ஆம் ஆண்டு மே மாதம் 7ஆம் திகதி கல்கத்தாவில் ஜோராசங்கோ என்னும் பகுதியிலுள்ள பெரிய இல்லத்திற் பிறந்தார். தந்தையார் மகரிஷி தேவேந்திரநாதர். இரவீந்திரநாதர் அவருக்குப் பதினான்காவது மகவு. அவ்வில்லத்துச் சிறுவருக்கு விதிக்கப்பட்டிருந்த கால அட்டவணையை இன்றைய மாணவர் கேட்பின், தம் நிலை எவ்வளவோ மேல் என்று ஆறுதலடைவர். விடியுமுன் மல்யுத்தப் பயிற்சி, உடலில் ஒட்டிய மண்ணோடேயே பாடம், பின்னர்ப் பள்ளிக்கூடம், மாலை நான்கரை மணிக்கு வீடு திரும்பியதும் தேகப்பயிற்சி ஆசிரியர் காத்திருப்பார், அவர் போனதும் சித்திர ஆசிரியர் வருவார், அவரும் போனபின் விளக்கு வெளிச்சத்தில் ஆங்கிலம். ஆங்கில ஆசிரியர் முன்னிலையிற் சிறுவர் தூங்கி விழுந்தமையைக் கவிஞரே பிற்காலத்தில் நகைச்சுவையோடு எழுதியுள்ளார். எனவே, அவருக்குச் சித்திரம் கற்பிக்கப்படவில்லை என்று கூறுதல் இயலாது. கற்பிக்கப்பட்டது, களைப்புக்கும் தூக்கத்துக்கும் இடையிலே கற்பிக்கப்பட்டது. அதனால் விளைந்தது ஒன்றுமில்லை.

ஆனால் வீட்டிலே வேறொரு பாடம் நடந்துகொண்டிருந்தது. தமையனார் ஜோதிரிந்திரநாதர் இவருக்குப் பன்னிரண்டு வயது மூத்தவர். இசையும் நாடகமும் கைவந்தவர். வீட்டுக்கு வருவோர் போவோரை எல்லாம் எதிரில் இருத்திப் பென்சிலால் அவர்தம் முகத்தை வரைந்து வைப்பது அவர் வழக்கம். வயது முதிர்ந்த காலத்திலும் அவ்வழக்கத்தை அவர் விடவில்லை. உறவினர், அறிஞர், வந்து சென்ற விருந்தினர் என ஆயிரத்துக்கு மேற்பட்ட முகங்கள் அவர் கொப்பிகளில் நிறைந்தன. அவற்றுள் இருபத்தைந்தைத் தெரிந்தெடுத்து, ஆங்கில ஓவியர் உரோத்தன்ஸ்டைன் என்பவரின் முன்னுரையோடு 1914ஆம் ஆண்டு இலண்டனிலே வெளியிட்டனர். இத்தமையனாரைப் பலரும் மறந்துவிட்டனர் என்பது நமக்குச் சிறிது மனக்குறையே. நாள்தோறும் ஒரு முகம் என்று வரைந்து வந்த இவர், ஓவியர் எனப் பெயர்பெற நினைத்ததாகத் தோன்றவில்லை. பக்கத்திலிருந்த தம்பி இதனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

தம்பியும் வரைந்து பார்த்தார். இலையுதிர்காலத்து நண்பகல்களிற் கம்பளத்தின்மேற் கிடந்துகொண்டு ஒரு சித்திரக் கொப்பியோடு பொழுதுபோக்கியதைத் தம் வாழ்க்கை நினைவுகளில் அவர் குறிப்பிடுகின்றார். அஃது உழைப்பு அன்று, ஆசையோடு விளையாடிய விளையாட்டு என்பதே அவர் தீர்ப்பு. கவிதையோ அப்பருவத்திலேயே அவருக்கு வசமாகிவிட்டது. இருபது வயதிற்குட் பெயரும் கிடைத்துவிட்டது. எளிதாய் வருவது ஒன்று கையிலிருக்கையில், வராத ஒன்றை யார் விரட்டிக்கொண்டிருப்பர்?

முப்பத்திரண்டு வயதில், அதாவது 1893ஆம் ஆண்டில், அவர் குடும்பத்து நிலங்களை மேற்பார்வை செய்துகொண்டு பத்மா நதிக்கரையிற் படகு வீட்டில் வாழ்ந்து வந்தார். அக்காலத்தில் தமையன் மகள் இந்திராதேவிக்கு அவர் எழுதி வந்த கடிதங்கள் வங்க உரைநடையின் செல்வம் எனப் போற்றப்படுவன. அவற்றுள் ஒன்றிற் சித்திரக் கலையைத் தாம் ஏக்கத்தோடு நோக்குவதாகவும், ஏற்றுக்கொள்ளப்படாத காதலன் நிலை தம் நிலை என்பதாகவும், அதனைப் பயிலும் வயது கடந்துவிட்டதென்பதாகவும் எழுதினார். முப்பத்திரண்டு வயதில் முதுமையை எண்ணி வருந்தியவரை நினைக்கையில் நமக்கு நகைப்பு வருகின்றது. அவருக்கு முன்னே இன்னும் நாற்பத்தெட்டு ஆண்டுகள் கிடந்தன.

ஏழாண்டுகள் சென்றன. 1900ஆம் ஆண்டில் தம் நண்பராகிய விஞ்ஞானி ஜகதீச சந்திர போஸ் அவர்களுக்கு எழுதிய கடிதமொன்றிற் கவிஞர் ஓர் இரகசியத்தை வெளியிடுகின்றார். தாம் ஒரு கொப்பியை வைத்துக்கொண்டு படம் வரைந்து வருவதாகவும், அவை பாரிஸ் நகரக் கண்காட்சிக்கு அனுப்பத்தக்கன அல்ல என்பதாகவும், தம் கையிற் பென்சிலைக் காட்டிலும் இறப்பரே மிகுதியாக வேலை செய்கின்றது என்பதாகவும், ஆதலால் இத்தாலிய ஓவியர் இரபேல் அச்சமின்றி உறங்கலாம் என்பதாகவும் கேலியாக எழுதினார். கேலிதான், எனினும் அதனுள்ளே ஒரு துயரம் இருக்கின்றது. வரைந்ததை அழிக்கும் கை, தான் வரைந்ததைப் பார்க்க நாணுகின்ற கை. சிறந்த சித்திரங்களைத் தமையன் வீட்டிலும் நூல்களிலும் கண்டு பழகிய கண், தன் கையை மன்னிக்க மறுக்கின்றது. அக்கொப்பியையும் அவர் விட்டுவிட்டார்.

இவ்விடத்தை வாசித்தபொழுது நாம் நூலை மூடிவைத்துவிட்டு நம் கொப்பியை எடுத்துப் பார்த்தோம். குளத்தின் அக்கரையில் நிற்கும் மருதமரத்தை ஐந்து மாலைகள் வரைந்திருந்தோம். ஐந்திலும் தாள் தேய்ந்து பஞ்சாகியிருந்தது. ஒரு மாலை, எருமைகளை நீர்காட்ட வரும் காக்கா ஒருவர் நம் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்துவிட்டு, மரத்தின் அடியிற் படுத்திருக்கும் எருமைக்கன்று நன்றாய் வந்திருக்கின்றது என்று மெச்சினார். நாம் கன்று எதனையும் வரையவில்லை. இறப்பர் தேய்த்து அழியாது எஞ்சிய கறை அது. அவருக்கு அதனைச் சொல்ல நமக்கு மனம் வரவில்லை, நன்றி கூறினோம். இச்சிறு நிகழ்ச்சி கட்டுரைக்கு வேண்டாதது போலத் தோன்றினும், கவிஞருக்குப் பின்னர் நேர்ந்ததை விளங்கிக்கொள்ள நமக்கு உதவியது.

1900ஆம் ஆண்டுக்குப் பிந்திய கால் நூற்றாண்டை நாம் விரைந்து கடப்போம். 1901இற் சாந்திநிகேதனத்தில் அவர் பள்ளியைத் தொடங்கினார். 1902இல் மனைவியாரும், அடுத்த ஆண்டில் ஒரு மகளும், 1907இல் இளைய மகனும் மறைந்தனர். பரிசும் புகழும் உலகப் பயணங்களும் தொடர்ந்தன. நம் பொருளுக்கு வேண்டியது யாதெனின், இக்காலத்திலே கவிஞரைச் சுற்றி ஓவியர் கூட்டமே எழுந்தமையாகும். சிறிய தந்தையார் வழிப் பேரரான அவனீந்திரநாதரும் ககனேந்திரநாதரும் அதே ஜோராசங்கோவின் தாழ்வாரத்திலிருந்து வங்காளத்தின் புதிய ஓவிய நெறியை வளர்த்தனர். அவனீந்திரரின் மாணாக்கர் நந்தலால் போஸ் பின்னர்ச் சாந்திநிகேதனத்துக்கு வந்தார். 1916இற் கவிஞர் யப்பானுக்குச் சென்று, அந்நாட்டு ஓவியர்தம் பெரிய படைப்புக்களைக் கண்டு வியந்து, சிறிய அளவிற் படம் வரைவதை விட்டு வெளியுலகைக் காணுமாறு வீட்டு ஓவியருக்குக் கடிதம் எழுதினார். 1919இற் கலாபவனம் நிறுவப்பட்டது. பிறர் வரைவதற்கு வேண்டிய அனைத்தையும் அவர் செய்தார். தாம் மட்டும் வரையவில்லை. அத்தனை வல்லுநர் மத்தியிலே பேனையையன்றித் தூரிகையை எடுக்க அவர் கூசியிருப்பார் என்று எண்ணுவதில் தவறிராது.

இனி 1924ஆம் ஆண்டுக்கு வருவோம். தென் அமெரிக்காவிலுள்ள பெரு நாட்டின் விடுதலை நூற்றாண்டு விழாவுக்கு அழைப்பு வந்தது. செப்டெம்பர் மாதத்திற் கவிஞர் நம் கொழும்புத் துறைமுகத்திலிருந்து அருணா மாரு என்னும் யப்பானியக் கப்பலில் ஏறினார். ஐரோப்பாவை அடைந்து, அங்கிருந்து வேறு கப்பலில் அத்திலாந்திக் சமுத்திரத்தைக் கடக்கையில் நோயுற்றார். ஆர்ஜென்டீனாவின் தலைநகராகிய புவனோஸ் அயர்ஸில் இறங்கியபொழுது, மேற்கொண்டு பெருவுக்குச் செல்லலாகாது என வைத்தியர் தடுத்துவிட்டனர். அந்நகரில் அவருடைய நூல்களைப் படித்து மதித்திருந்த விக்டோரியா ஒக்காம்போ என்னும் பெண்மணி, நகருக்கு அண்மையிற் சான் இசிதுரோ என்னுமிடத்தில் ஆற்றை நோக்கிய ஒரு மாளிகையை அவருக்காக ஏற்பாடு செய்தார். ஒரு கிழமைக்கென வந்த விருந்தினர் ஏறத்தாழ இரண்டு மாதம் அங்கே தங்கினார்.

அங்கே அவர் எழுதிக்கொண்டிருந்தவை, 1925இற் பூரவி என்னும் பெயரில் வெளிவந்த கவிதைகள். எழுதும்பொழுது சொற்களை வெட்டுதலும் வரிகளை அடித்தலும் எல்லாக் கவிஞர்க்கும் இயல்பு. நம் கணக்கு வாத்தியார் விடைத்தாள்களை வெட்டிய கோலத்தையும் நாம் மறந்திலம். ஆனால் தாகூரின் கண்ணுக்கு அவ்வெட்டுக்கள் பொறுக்கவில்லை. தாளின் மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாக அநாதைகள் போலக் கிடந்த கறுப்புக் கீறல்கள் அவரை வருத்தின. எனவே ஒரு வெட்டிலிருந்து மற்றொரு வெட்டுக்குக் கோடு இழுத்தார். கோடுகள் வளைந்தன, வளைவுகள் தடித்தன, அலகு போல ஒன்றும், கழுத்துப் போல ஒன்றும், பெயரில்லாத ஒரு விலங்கின் முதுகு போல ஒன்றும் தோன்றின. அழிக்கப்பட்ட சொற்கள் அந்த விலங்கின் வயிற்றுள்ளே மறைந்தன. இத்தகைய கீறல்களை அதற்கு முன்னரும் அவருடைய சில கையெழுத்துப் பிரதிகளிற் காணலாம். சிவப்பு அலரியைப் பற்றிய நாடகப் பிரதியிலும் அவை உள. ஆயின் பூரவிப் பிரதியிலே அவை பக்கத்துக்குப் பக்கம் பெருகிவிட்டன.

அக்கொப்பியை மேசைமேற் கண்ட ஒக்காம்போ அம்மையார் வியந்தார். கவிதை எழுதுவதைக் காட்டிலும் இவ்விளையாட்டில் இவர் மகிழ்கின்றாரோ என்று அவருக்குத் தோன்றிற்று. சில பக்கங்களைப் படம் பிடித்து வைத்துக்கொள்ள அநுமதி கேட்டுப் பெற்றார். வீட்டிலே அத்தனை ஓவியர் இருந்தும், அக்கீறல்களைச் சித்திரம் என்று முதலில் உறுதியாகக் கண்டுகொண்டவர் வங்கமொழி அறியாத ஓர் அந்நியப் பெண் என்பது கவனிக்கத்தக்கது. மொழி அறிந்தோர் அப்பக்கத்திலே கவிதையைப் படித்தனர். அவருக்குப் படிக்க இயலாமையால் அவர் பார்த்தார்.

நாம் முன்னே குறித்த இறப்பரை நேயர்கள் இங்கே நினைவு கூர்தல் வேண்டும். 1900இல் அவர் பென்சிலால் வரைந்து இறப்பரால் அழித்தார். 1924இற் பேனையால் அழித்தார், அழித்தலே வரைதலாயிற்று. மையால் வெட்டியதை மீட்க வழியில்லை. அதனோடு மேலும் எதையேனும் சேர்த்தாலன்றி அந்தப் பக்கம் உருப்படாது. ஒரு மரத்தைப் போல வரவேண்டும், ஒரு முகத்தைப் போல வரவேண்டும் என்ற கட்டாயம் அங்கில்லை. எனவே தவறும் அங்கில்லை. நாள்தோறும் ஐம்பதாண்டுகளுக்கு மேலாக எழுதிப் பழகிய கை; கோட்டை நடுக்கமின்றி இழுக்க அந்தக் கைக்குத் தெரியும். வங்க எழுத்துக்களின் வளைவுகளை எழுதியெழுதி அது பெற்ற பயிற்சியை எவரும், அவர் தாமும், சித்திரப் பயிற்சியாகக் கருதியிருக்கவில்லை. இதுவே இவ்வரலாற்றில் நம்மை மிகவும் கவர்ந்தது.

1928ஆம் ஆண்டளவிற் கோடுகள் கவிதைத் தாளை விட்டு வெளியேறின. வெட்டப்படுவதற்குச் சொல் ஒன்று வேண்டியிராமலே அவர் வெற்றுத் தாளில் வரையத் தொடங்கினார். அவருக்கு அப்பொழுது வயது அறுபத்தேழு. அன்று முதல் இறுதி வரை, ஏறத்தாழப் பதின்மூன்று ஆண்டுகளில் அவர் வரைந்தவை இரண்டாயிரத்துக்கு மேற்பட்டவை. சராசரி இரண்டு மூன்று நாளுக்கு ஒன்று எனக் கணக்கு வருகின்றது. சில நாள்களில் நான்கைந்து படங்களையும் முடித்திருக்கின்றார். பல்கலைக்கழகத்தை நடத்திக்கொண்டும், அதற்குப் பணம் திரட்டக் கண்டங்கள் தோறும் அலைந்துகொண்டும், நூல்கள் எழுதிக்கொண்டும் இருந்த ஒரு முதியவரின் கணக்கு இது. ஓய்வூதியம் பெற்றுக்கொண்டு கிழமைக்கு ஒரு மரத்தை வரையும் நாம் இதனை எழுத வெட்கப்படுகின்றோம்.

கருவிகளைப் பற்றி அவர் கவலைப்பட்டதில்லை. கையில் எப்பொழுதும் இருந்த ஊற்றுப் பேனை, எழுதுவதற்கான மை, பின்னர்ப் பல நிற மைகள், பேனை முள்ளின் முதுகு, கந்தைத் துணி, விரல் நுனி, சில வேளை பூவிதழ்களின் சாறு; இவையே அவர் பட்டறை. தூரிகையைக் குறைவாகவே தொட்டார். அகப்பட்ட தாளில் வரைந்தார். ஒரே இருப்பில் முடித்தார். நாளை தொடரலாம் என்று வைத்த படங்கள் அரிது. தொடக்கத்துப் படங்கள் பெரும்பாலும் கறுப்பும் கபிலமுமான ஒரு நிறப் படங்கள். நிறங்கள் பின்னரே வந்தன. சிவப்பையும் பச்சையையும் வேறுபடுத்திக் காண்பதில் அவர் கண்ணுக்குக் குறையிருந்ததென ஆராய்ந்தோர் கருதுவர். அவ்வாறாயின், சித்திர ஆசிரியர் எவரும் முதல் நாளிலேயே வேறு பாடம் எடுக்குமாறு அவருக்குச் சொல்லியிருப்பர்.

வரைந்த பொருள்கள் மூவகையின. முதலாவது, உலகில் எங்கும் இல்லாத பறவைகளும் விலங்குகளும். இரண்டாவது, முகங்கள், சிறப்பாக, முக்காடிட்ட நீள்வட்டப் பெண் முகம் ஒன்று பலமுறை திரும்பத் திரும்ப வரும். 1884இல் இளம் வயதிலே உயிர் நீத்த அண்ணியார் காதம்பரி தேவியின் முகத்தை அதிற் காண்போர் உளர். மூன்றாவது, மாலை நேரத்து நிலக்காட்சிகள். முன்னே கருமையான மரங்கள், பின்னே மஞ்சள் ஒளி பரந்த வானம். எந்தப் படத்துக்கும் அவர் பெயர் இடவில்லை. பெயர் கேட்டோருக்கு மறுத்தார். சொல்லையே தொழிலாகக் கொண்ட ஒருவர், சொல் நுழையாத ஓர் அறையைத் தமக்கென வைத்துக்கொண்டார் போலும்.

1930ஆம் ஆண்டு ஆக்ஸ்போட் பல்கலைக்கழகத்திற் சொற்பொழிவாற்றச் செல்லுங்கால் படங்களையும் உடன் கொண்டு சென்றார். அவற்றைத் தாயகத்திற் பொதுமக்கள் முன் வைக்க அவர் தயங்கினார். கவிதையைத் தம்மவர் அறிவர், படத்தை அந்நியரே முதலிற் காணட்டும் என்பது அவர் எண்ணமாயிருந்தது. பாரிஸிற் காட்சிச் சாலை கிடைப்பது எளிதன்று. அவ்வேளையில் அங்கு வந்திருந்த ஒக்காம்போ அம்மையார் தம் செல்வாக்கினாற் சின்னாளில் அதனை ஒழுங்கு செய்தார். மே மாதம் 2ஆம் திகதி பிகால் காட்சிச் சாலையில் நூற்றிருபத்தைந்து படங்கள் வைக்கப்பட்டன. அவ்வாண்டிலேயே பேர்மிங்காம், இலண்டன், பேர்லின், திரெஸ்டன், மியூனிக், கோப்பன்ஹேகன், ஜெனீவா, மொஸ்கோ, பொஸ்டன், நியூயோர்க் எனப் படங்கள் பயணம் செய்தன. முப்பதாண்டுகளுக்கு முன் தம் படங்கள் பாரிஸுக்கு உரியன அல்ல என்று நண்பருக்குக் கேலியாக எழுதியவர் பாரிஸிலேயே தொடங்கினார்.

கல்கத்தாவில் 1931இன் இறுதியில் எழுபதாவது ஆண்டு நிறைவு விழாவின்போதும், அடுத்த ஆண்டு அரசினர் சித்திரப் பாடசாலையில் அதன் அதிபர் முகுல் தே அவர்களின் முயற்சியாலும் படங்கள் காட்டப்பட்டன. வரவேற்பு ஒரு தன்மைத்தாய் இருக்கவில்லை. அழகிய உருவங்களையும் புராணக் காட்சிகளையும் எதிர்பார்த்துச் சென்றோர் குழம்பித் திரும்பினர். குருதேவரின் கை பட்டதென்பதனாலேயே புகழ்ந்தோரும் இருந்தனர். ஓவியர் யாமினி ராய் போன்ற சிலர் மாத்திரம் கோட்டின் வலிமையைக் கண்டு பாராட்டினர். நாம் நடுநிலையோடு கூறவேண்டுமாயின், வேறொருவர் இப்படங்களை வரைந்திருப்பின் 1930இற் பாரிஸ் அவற்றை நோக்கியிராது. புகழ் கதவைத் திறந்தது உண்மை. அந்த இரண்டாயிரமும் ஒத்த தரத்தன என்றும் நாம் கூறமாட்டோம். பல, அன்றன்றைய கைப்பயிற்சியே. ஆனால் புகழ் அவருக்குத் தீங்கும் விளைத்திருக்கக்கூடும். நோபெல் பரிசு பெற்றவர் சிறுபிள்ளை போல் வரைகின்றார் என்ற நகைப்புக்குத் தம்மை அவர் உட்படுத்திக்கொண்டார். எழுபது வயதில், இழப்பதற்குப் பெரிய பெயர் உள்ள ஒருவர், இதனைச் செய்தமை சிறிதன்று.

நம் நாட்டுக்கு அவர் வந்தமையையும் சொல்லவேண்டும். 1922இலும் 1928இலும் வந்தவர், 1934ஆம் ஆண்டு மே மாதத்திற் சாந்திநிகேதனத்துக் கலைக்குழுவோடு மூன்றாம் முறை வந்தார். சாபமோசனம் என்னும் நாட்டிய நாடகம் கொழும்பில் மேடையேறிற்று. படங்களும் காட்சிக்கு வைக்கப்பட்டன. ஹொரணையில் ஸ்ரீ பாலி என்னும் கலாநிலையத்துக்கு அடிக்கல் நாட்டினார். கண்டியில் இருந்த நாள்களில் நான்கு அத்தியாயம் என்னும் நாவலை எழுதி முடித்தார். ஜூன் மாதத்தில் யாழ்ப்பாணத்துக்கும் சென்றார். நாட்டியம் பற்றி நம் முன்னோர் பலவாறு பேசிக்கொண்டனர். படங்களைப் பற்றி அவ்வளவு பேச்சு இருந்ததாகத் தெரியவில்லை. நம் கிழக்குக் கரைக்கு அவர் வந்திருந்தாரெனின், இறக்காமத்துக் குளத்தின்மேல் மஃரிபு வேளையிற் பரவும் மஞ்சளையும், அதற்கெதிரே கறுத்து நிற்கும் மரநிரையையும் கண்டு, தம் படமொன்று இங்கே எவ்வாறு வந்தது என்று கேட்டிருப்பார். இஃது எம் ஊர்ப்பற்றினால் எழுதியது, நேயர்கள் பொறுத்தருள்க.

அந்த மஞ்சள் வானத்துக்கு ஒரு கதை உண்டு. 1937ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதம் ஒரு மாலை, சாந்திநிகேதனத்தில் அமர்ந்திருந்த கவிஞர் திடீரென நினைவிழந்தார். இரண்டு நாள்கள் நினைவு திரும்பவில்லை. நாடே அஞ்சியது. கண்விழித்துச் சற்றுத் தேறியதும் அவர் கேட்டவை நிறமும் தூரிகையும் ஆகும். இருண்ட மரக்கூட்டத்தின் ஊடாக மஞ்சள் ஒளிக்கீற்றுக்கள் புகுந்து வரும் ஒரு நிலக்காட்சியை வரைந்தார். அந்நோயைப் பற்றிய கவிதைகள் அதன் பின்னரே எழுந்தன. கவிதை முந்திப் படம் பிந்திய வாழ்க்கையில், அன்று ஒரு நாள் படம் முந்திற்று.

அதே ஆண்டிற் சிறுவருக்கான வேடிக்கைப் பாடல்களையும், தம் பேத்திக்குச் சொன்ன விசித்திரக் கதைகளையும் தாமே வரைந்த படங்களோடு வெளியிட்டார். 1940இற் சித்திரலிபி என்னும் பெயரில் அவர் படங்களின் தொகுதியொன்று வெளிவந்தது. பார்வை மங்கியது, கை தளர்ந்தது, படங்கள் குறைந்தன. 1941ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 7ஆம் திகதி, பிறந்த அதே ஜோராசங்கோ இல்லத்தில், எண்பதாவது வயதிற் கவியரசர் காலமானார்.

அவருடைய படங்களை இந்திய அரசாங்கம் 1970களில் தேசியக் கலைச் செல்வமெனப் பிரகடனஞ் செய்து, நாட்டுக்கு வெளியே விற்றலைத் தடுத்தது. வெளிநாட்டில் ஏலவே இருந்தவை வேறு. இங்கிலாந்தில் டார்ட்டிங்டன் நிலையத்திடமிருந்த பன்னிரண்டு படங்கள் 2010இல் இலண்டனில் ஏலத்தில் ஏறத்தாழ பதினாறு இலட்சம் பவுணுக்கு விலைபோயின. பெரும்பகுதி சாந்திநிகேதனத்து இரவீந்திர பவனத்தில் உள்ளது. அவற்றை ஓவிய வரலாற்றறிஞர் ஆர். சிவகுமார் அவர்கள் 2011இல் நான்கு பெருந் தொகுதிகளாகப் பதிப்பித்தார். பல படங்களில் திகதி இல்லை. பெயரோ எதிலும் இல்லை.

கையெழுத்துப் பிரதிகளை யாதவபூர்ப் பல்கலைக்கழகத்தார் 2013இல் இணையத்தில் யாவரும் காணுமாறு வைத்துள்ளனர். கல்லூரி நூலகத்திலோ வீட்டிலோ இணைய வசதியுள்ள மாணவர் பூரவியின் பக்கங்களைப் பார்க்கலாம். நாம் பார்த்தோம். ஒரு பக்கத்தின் நடுவே நீண்ட அலகுடைய ஏதோ ஒன்று குனிந்து நிற்கின்றது. அதன் உடலுக்குள்ளே கிடக்கும் சொற்களை ஆய்வாளர் உருப்பெருக்கிப் படிக்க முயல்கின்றனர். சில எழுத்துக்கள் தெரிகின்றன; மை தடித்த இடங்களில் ஒன்றும் தெரியவில்லை.